மாரியில் திருகோணமலையிலிருந்து சைக்கிளில்: நாங்கள் இரண்டு பேர், ஆறு நாள், எந்த வழி நல்லது?

நெய்தல் | நவம்பர் 22

வணக்கம். டிசம்பர் விடுமுறை தொடங்கியதும் நானும் கணவரும் சைக்கிளில் ஒரு நீண்ட பயணம் போக இருக்கிறோம். வீடு உப்புவெளியில். இருவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நிலாவெளி, கும்புறுப்பிட்டி வரை ஓடிப் பழக்கம் உண்டு. ஒரு நாளில் 50 கி.மீ. ஓடினாலும் மறுநாள் வேலைக்குப் போகிற அளவுக்கு உடம்பு தாங்கும்.

நாங்கள் நினைத்திருக்கும் வழி: குச்சவெளி, புல்மோட்டை, தென்னமரவாடி சுற்றி முல்லைத்தீவு. அங்கிருந்து வவுனியா போய், ஹொரவப்பொத்தானை வழியாக வீடு. ஆறு நாள் கையில் இருக்கிறது.

மழைக்காலத்தில் ஏன் என்று கேட்பீர்கள். இந்த வீதிகளில் எல்லாம் பஸ்ஸில் போயிருக்கிறேன், பெரும்பாலும் கோடையில். வயல் வெடித்துக் கிடக்கும், மாடுகள் நிழல் தேடி நிற்கும். ஆனால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்தது மாரிதான். குளம் நிறைந்து வான் பாய்வதையும், வயல் முழுக்கப் பச்சையாக எழும்பி நிற்பதையும் சைக்கிள் வேகத்தில் பார்க்க ஆசை. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இறங்கவும் மனமில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வன்னிக்காற்று | நவம்பர் 22

அக்கா, அந்தப் பக்கம் போன வருடம் இதே டிசம்பரில் நான் ஓடினேன். மழையை விடுங்கள், அதை உடம்பு பழகிவிடும். காற்றுத்தான் பிரச்சினை. வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும். திருமலையிலிருந்து வடக்கே போகும்போது அது வலது தோளுக்கு முன்னால் வந்து மோதும், நாள் முழுக்க. கும்புறுப்பிட்டி தாண்டி வெளியான இடத்துக்கு வந்ததும் பெடலை மிதித்து மிதித்து ஒரு மணித்தியாலத்தில் எட்டுக் கிலோமீற்றர் போனேன். நடந்தாலும் அதில் பாதி தூரம் போயிருப்பேன். புடவைக்கட்டில் ஒரு கடையில் ஏறி உட்கார்ந்தபோது காதுக்குள் இரைச்சல் நிற்கவே இல்லை.

தனியாகப் போனதால் சமாளித்தேன். இரண்டு பேர் என்றால் ஒருவர் களைத்து மற்றவர் களைக்காத நேரம் வரும். அப்போது கோபம் வரும். சொல்லிவைக்கிறேன்.

---

துறையடி | நவம்பர் 23

தங்கச்சி, நான் கிண்ணியா. வயது அறுபத்தெட்டு. தம்பி சொல்கிற காற்று உண்மை. அதனால்தான் சொல்கிறேன், வடக்கை விட்டுவிட்டுத் தெற்கே போங்கள். மூதூர், வெருகல், வாகரை, வாழைச்சேனை, மட்டக்களப்பு. எல்லாமாக 130 கி.மீ. வரும். வாடை உங்கள் இடது தோளுக்குப் பின்னால் நின்று தள்ளும். சீனக்குடாவிலிருந்து மூதூர் வரை கொட்டியாரக் குடாவைச் சுற்றிப் போவதால் முதல் நாள் காற்றே பெரிதாகத் தெரியாது.

எங்கள் காலத்தில் இந்த வீதியில் பாலம் கிடையாது. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று ஒவ்வொன்றிலும் பாதை (ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவை) ஏற வேண்டும். மாரியில் பாதை ஓடாது என்றால் அன்று இரவு துறையடியில்தான் படுக்கை. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர். திறந்த அன்று என் உம்மாவை நடத்திக் கூட்டிக்கொண்டு போய் மறுகரையில் விட்டேன். பாதியில் நின்று கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பாலம் வந்துவிட்டது என்று நம்பி வெருகலை மட்டும் லேசாக எடுக்காதீர்கள். வெருகல் ஆறு என்பது மகாவலிதான், ஒரு கிளை. இங்கே வெயில் எறிக்கும், மலைநாட்டில் மழை கொட்டும். ஒன்று, இரண்டு நாள் கழித்து அந்தத் தண்ணீர் இங்கே வந்து வீதியில் ஏறும். வானத்தைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவீர்கள். மனம்பிட்டியில் ஆற்று மட்டம் என்ன என்று நீர்ப்பாசனத் திணைக்களம் அறிவிக்கும், அதைப் பாருங்கள். அங்கே ஏறினால் வெருகலில் ஏறும்.

---

மழைக்குருவி | நவம்பர் 23

எனக்கு இந்தத் திட்டமே பயமாக இருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரவி புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் நடுவில்தான் கரையேறியது. அன்று நாங்கள் பாடசாலைக் கட்டடத்தில் இருந்தோம். அடுத்த வருடம் நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்துபோனார்கள். அந்தப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தண்ணீரோடு விளையாட வேண்டாம். மாசி வரை பொறுத்தால் என்ன?

---

துறையடி | நவம்பர் 23

மழைக்குருவி சொல்வதில் பிழையே இல்லை. குறிஞ்சாக்கேணி எங்கள் ஊர். அன்று ஜனாஸாக்களுக்கு நானும் போனேன். அதனால் தங்கச்சிக்கு ஒரு பேச்சு: வழியில் யாராவது தோணி, மிதவை, ட்ரம் கட்டிய பலகை என்று கூப்பிட்டால் ஏறக் கூடாது. பாலம் இருக்கிற வழியில் போங்கள், பாலத்துக்கு முன்னால் தண்ணீர் நின்றால் நில்லுங்கள். அவ்வளவுதான். போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஊரை மாரியில் பார்க்காதவர் ஊரைப் பாதிதான் பார்த்திருக்கிறார்.

---

ஒட்டுக்கடை | நவம்பர் 24

டவுனில் இருபது வருடமாகச் சைக்கிள் திருத்துகிறேன். மழையில் ஓடுகிறவர்களுக்கு என்ன நடக்கும் என்று தெரியும், அதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பிரேக். ஸ்டீல் ரிம்மில் தண்ணீர் பட்டால் கட்டை பிடிக்காது. வழுக்கிக்கொண்டு போய், சில்லு இரண்டு மூன்று சுற்றுச் சுற்றித் தண்ணீர் துடைபட்ட பிறகுதான் பிடிக்கும். அந்த இரண்டு சுற்றில் நீங்கள் மாட்டுக்குள் போயிருப்பீர்கள். அலுமினிய ரிம் மாற்ற வசதி இருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் சந்தி, சரிவு வருவதற்கு முன்பே கட்டையை லேசாகத் தொட்டுக்கொண்டு போகப் பழகுங்கள். கட்டை இரண்டு சோடி மேலதிகமாக வேண்டும். ஈர மணல் கட்டையை அரம் மாதிரித் தின்னும்.

ஈரத்தில் ஒட்டுப் பிடிக்காது. ரியூப்பை எவ்வளவு துடைத்தாலும் சொலூசன் காயாது, அடுத்த மைலிலேயே கழன்றுவிடும். ஆளுக்கு இரண்டு ரியூப் கொண்டுபோங்கள், வழியில் மாற்றுங்கள், ஒட்டை இரவில் காய்ந்த இடத்தில் போடுங்கள். ஈர வீதியில் கண்ணாடித் துண்டும் கம்பியும் டயரில் சுலபமாக ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசினாகிவிடும். தையல் மெசின் எண்ணெய் முதல் மழையிலேயே கழுவுப்படும். மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒயில், ஒரு மூட்டுக்கு ஒரு சொட்டு, பிறகு துணியால் மேலே துடைத்துவிடுங்கள். தினமும் மாலையில்.

கடைசியாக ஒன்று, பலருக்குத் தெரியாது. சீட் கம்பி இருக்கிற குழாய்க்குள் மழைத் தண்ணீர் இறங்கி நடு அச்சில் தேங்கும். இரண்டு நாளைக்கு ஒரு தடவை சீட்டைக் கழற்றிவிட்டுச் சைக்கிளைக் கவிழ்த்து வையுங்கள். வருகிற தண்ணீரைப் பார்த்து அதிசயப்படுவீர்கள். சீட் உயரத்துக்கு முதலே ஒரு கீறு போட்டுவையுங்கள், இல்லாவிட்டால் முழங்கால் நோகும்.

---

நெய்தல் | நவம்பர் 25

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இருவரும் இருந்து பேசினோம். தெற்கே போவது என்று முடிவு. வடக்கு இவருடைய ஆசை, அவருடைய அம்மாவின் ஊர் கொக்குத்தொடுவாய்ப் பக்கம். ஆனால் எதிர்க்காற்றில் அவர் எனக்காக மெதுவாக ஓடுவதும், நான் அதற்காக வருந்துவதும் நடக்கும் என்று இருவருக்கும் தெரிகிறது.

வன்னிக்காற்றுத் தம்பி சொன்ன கோபத்தைப் பற்றியும் பேசினோம். ஒரு ஒப்பந்தம்: தண்ணீர், இருட்டு, யானை இந்த மூன்றிலும் யார் "வேண்டாம்" என்றாலும் அதுவே முடிவு. ஏன் என்று மற்றவர் கேட்கக் கூடாது, பிறகு சொல்லிக்காட்டவும் கூடாது.

---

குடும்பநல_அக்கா | நவம்பர் 26

சேருநுவர, வெருகல் பக்கம் யானை இறங்கும். காலை ஏழுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் வீதியில் நிற்காதீர்கள். கடைக்காரரிடம் "நேற்று எங்கே நின்றது" என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

யானையை விட எனக்குப் பயம் எலிக்காய்ச்சல். வெள்ளத்திலும் வயல் தண்ணீரிலும் எலியின் சிறுநீர் கலந்திருக்கும், காலில் சின்னக் கீறல் இருந்தால் போதும். வயலில் இறங்குகிறவர்களுக்கு வாரம் ஒரு தடவை போடும் தடுப்பு மாத்திரை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தருவார்கள். போவதற்கு முன் போய்க் கேளுங்கள், உங்களுக்குப் பொருந்துமா என்று டொக்டர் பார்ப்பார். திரும்பி வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு வந்தால் "வெள்ளத்தில் நடந்தேன்" என்று முதலில் சொல்ல வேண்டும். அம்புலன்சுக்கு 1990, இடர் முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

---

நெய்தல் | டிசம்பர் 20

வந்து சேர்ந்துவிட்டோம். எழுத நேரம் எடுத்ததற்கு மன்னிக்கவும், ஈரத் துணி தோய்த்துக் காயவைப்பதே மூன்று நாள் வேலையாகிவிட்டது.

முதல் நாள் லேசாகப் போனது. கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போதே தூறல். கங்கைப் பாலத்துக்கு வந்தபோது மழை சரிந்து கொட்டியது. பிறகு மூதூர் வரை நிற்கவே இல்லை. மழைக்கோட்டுக்குள் வேர்த்து உடம்பு நனைந்துவிட்டது, அதனால் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டுச் சட்டையோடு ஓடினோம். மிதித்துக்கொண்டிருக்கும் வரை குளிராது, நின்றால்தான் குளிரும். சாமான்களை உரப்பைக்குள் தடித்த பொலித்தீன் போட்டுக் கட்டியிருந்தோம், ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆளுக்கு ஒரு சோடி உடுப்பை "இரவுக்கு மட்டும்" என்று ஒதுக்கி வைத்திருந்தது நாங்கள் செய்த நல்ல வேலை. காலையில் அந்த நனைந்த சட்டையைத் திரும்பப் போடுவது கொடுமைதான், ஆனால் பத்து நிமிடத்தில் மறந்துபோகும்.

இரண்டாம் நாள்தான் கதை.

மனம்பிட்டி மட்டம் ஏறுவதாக முதல் நாள் இரவே பார்த்தோம். காலையில் வெயில். தோப்பூரில் பிளேன்டீ குடிக்கும்போது வானம் கழுவின பீங்கான் போல இருந்தது. அதற்குள் தாண்டிவிடலாம் என்று நினைத்தோம். துறையடி நானா எழுதியது இருவருக்கும் நினைவிருந்தது, இருந்தும் வெயிலைக் கண்டதும் மனம் மாறிவிடுகிறது.

வெருகலை நெருங்கும்போது வீதியில் தண்ணீர். ஆழமில்லை. தண்ணீருக்கு அடியில் நடுவில் போட்ட வெள்ளைக் கோடு தெரிந்தது. கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போனோம், கணுக்கால் அளவு. பிறகு கோடு கலங்கலுக்குள் மறைந்துவிட்டது. மேற்கிலிருந்து கிழக்கே வீதியைக் குறுக்கறுத்துப் பாய்கிறது, சத்தமே இல்லை. வைக்கோலும் ஒரு செருப்பும் எங்கள் முன்னால் நல்ல வேகத்தில் போயின. மறுபக்கம் வீதி மேடாகத் தெரிகிறது, முந்நூறு அடி இருக்கும்.

இவர் "முழங்காலுக்கு மேலே வராது, நான் முதலில் போய்ப் பார்க்கிறேன்" என்றார். நான் வேண்டாம் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் சைக்கிளைத் திருப்பினார். திரும்பி ஒரு கிலோமீற்றர் வந்து ஒரு கடை விறாந்தையில் ஏறும் வரை அவர் வாய் திறக்கவில்லை. எனக்கும் அழுகை வருவதுபோல இருந்தது. இவ்வளவு தயார் செய்து, இரண்டாம் நாளே நிற்கிறோமே என்று.

கடைக்காரர் வீட்டில் தங்க இடம் தந்தார்கள். அந்த அம்மா எங்களைக் கேட்ட முதல் கேள்வி "சாப்பிட்டீங்களா", இரண்டாவது "பிள்ளையள் எங்க". பூவரசம் தடி ஒன்றை முறித்துத் தண்ணீர் ஓரத்தில் ஊன்றச் சொன்னது அவர்தான். தடியில் கத்தியால் கீறி வைத்தேன். ஒரு மணித்தியாலத்தில் இரண்டு விரல் ஏறியது. மாலை ஆறு மணிக்குக் கீறல் தெரியவில்லை, இரவு பத்துக்கு டோர்ச் அடித்துப் பார்த்தபோது தடியே தெரியவில்லை. அந்த இரவு முழுக்க மழை இல்லை. நட்சத்திரம் இருந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை: நட்சத்திரத்துக்குக் கீழே, ஒரு துளி மழையும் இல்லாமல், வெள்ளம் ஏறிக்கொண்டே இருக்கிறது.

இரண்டு இரவு அங்கே இருந்தோம். ஒட்டுக்கடை அண்ணா சொன்னபடி சைக்கிளைக் கவிழ்த்தோம், என்னுடையதிலிருந்து அரைத் தேத்தண்ணிக் கோப்பை அளவு தண்ணீர் வந்தது. இவர் அந்த வீட்டுப் பிள்ளையின் சைக்கிளையும் கழற்றி எண்ணெய் விட்டுக் கொடுத்தார். அங்கே இருந்த இரண்டாம் நாள் மாலை, நான் கேட்காமலே, "நீ சொன்னது சரி" என்றார். ஒப்பந்தத்தில் அது இல்லை.

நான்காம் நாள் காலை தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியது. உழவு இயந்திரம் ஒன்று போக, அதன் சில்லுத் தடத்திலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தோம். பாதி வழியில் அதை ஓட்டிய தம்பி கையைக் காட்டி நிறுத்தி, கிழக்குப் பக்க ஓரத்தைப் பார்க்கச் சொன்னார். வீதியின் ஓரம் அரைவாசி அகலத்துக்கு அரித்துப் போயிருந்தது, தார் மட்டும் உதடு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. நீரோட்டம் ஆளைத் தள்ளினால் அந்தப் பக்கம்தான் தள்ளியிருக்கும்.

வெருகல் முருகன் கோயிலடியில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு ஓடினோம். கதிரவெளியிலிருந்து வாகரை வரை நான் மிதித்தேன் என்றே சொல்ல முடியாது, வாடை தூக்கிக்கொண்டு போனது. பனிச்சங்கேணியில் இரண்டு பக்கமும் களப்பு, மழை தண்ணீரில் விழுந்து புகை மாதிரி எழும்புகிறது, அதற்குள் ஒரு ஆள் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசுகிறார். பிரேக்கைப் பிடித்து (இரண்டு சுற்றுக் கழித்துத்தான் நின்றது) இறங்கிப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் பார்க்க ஆசைப்பட்ட மாரி இதுதான்.

ஐந்தாம் நாள் மாலை மட்டக்களப்பு. திரும்பி வரும்போது எதிர்க்காற்றில் ஓட நினைக்கவே இல்லை, தெரிந்தவரின் பட்டா (சின்ன லொறி) ஒன்றில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்தோம்.

---

கடற்கரைவீதி | டிசம்பர் 20

130 கி.மீ.க்கு ஐந்து நாள் என்றால் கொஞ்சம் அதிகம் இல்லையா? நான் கோடையில் ஒரே நாளில் ஓடியிருக்கிறேன்.

---

நெய்தல் | டிசம்பர் 20

கோடையில் ஓடலாம் தம்பி. மாரியில் தண்ணீர்தான் நாளைக் கணக்குப் பண்ணுகிறது. ஆறு நாள் வைத்துக்கொண்டு போனதால்தான் இரண்டு நாள் விறாந்தையில் இருக்க முடிந்தது. மூன்று நாள் மட்டும் இருந்திருந்தால் நாங்கள் அந்தத் தண்ணீருக்குள் இறங்கியிருப்போம் என்று நினைக்கிறேன், என் வாய் "வேண்டாம்" என்று சொல்லியிருக்காது. மாரியில் போகிறவர்கள் ஓட்டத்துக்கு எத்தனை நாள் வேண்டுமோ அதே அளவு நாளைக் காத்திருக்கவும் ஒதுக்குங்கள்.

---

சிறுகுறிஞ்சி | டிசம்பர் 21

அக்கா, நானும் என் அவரும் தை மாதம் போக நினைக்கிறோம். கேட்க வெட்கமாக இருக்கிறது, வழியில் பெண்களுக்கு ஒதுங்க இடம்? ஈர உடுப்போடு வேறு.

---

நெய்தல் | டிசம்பர் 21

வெட்கப்படாதீர்கள், நானும் போவதற்கு முன் இதைத்தான் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருந்தேன். காட்டோரத்தில் ஒதுங்க வேண்டாம், பாம்பும் அட்டையும் மழைக்கு மேட்டில் ஏறியிருக்கும். வீட்டு முற்றத்தில் பெண்கள் நிற்பதைக் கண்டால் இறங்கிக் கேளுங்கள். மூதூரிலும் சரி, வாகரையிலும் சரி, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கேட்டது ஒதுங்க இடம், கிடைத்தது துவாயும் சுடுதண்ணீரும். நீட்டுக் கைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் போடுங்கள், நனைந்தாலும் ஒட்டித் தெரியாது. பருத்தி வேண்டாம், காயாது. மாத விடாய்ச் சாமான்களைத் தனிப் பொலித்தீனில், மேலே எட்டும்படி வையுங்கள். எனக்கு நான்காம் நாள் தேவைப்பட்டது, உரப்பையின் அடியில் வைத்திருந்தேன், வீதியோரத்தில் மழைக்குள் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

---

வன்னிக்காற்று | டிசம்பர் 22

அக்கா, அந்த வடக்கு வழி அண்ணாவின் மனதில் இருக்கும். ஆனி, ஆவணியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது போங்கள், முதுகில் தள்ளும்.

---

நெய்தல் | டிசம்பர் 22

அவரும் அதைத்தான் சொன்னார். நான் மாரியை விட மாட்டேன். அதனால் வருகிற டிசம்பரில் சைக்கிளை முதலில் பட்டாவில் முல்லைத்தீவுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அங்கிருந்து வாடையை முதுகில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வரப்போகிறோம். கொக்குத்தொடுவாயில் இரண்டு நாள் தங்கல். தம்பி, தென்னமரவாடிப் பக்கம் எந்த இடத்தில் தண்ணீர் வீதியில் ஏறும், அங்கே யாரிடம் கேட்கலாம் என்று உங்களுக்குத் தெரிந்ததை இங்கேயே எழுதி வையுங்கள். தடி ஊன்ற ஒரு வருடம் இருக்கிறது.